ஆறுக்குப் போறேன்

முகாமில் நின்ற ஆறாம் நம்பர் வீட்டு வண்டிக்குள் ஐந்து குழந்தைகள் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வசந்தாமணி கதவைப் பிடித்தபடி இரண்டு தடவை எண்ணினாள். சாப்பிடக் கூப்பிட வந்தவள் அவள். தன் மகள் தென்றல் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறாள் என்று அரை மணி நேரமாக நிம்மதியாக அடுப்படியில் நின்றிருந்தாள். கூட வந்திருந்த மீனாக்ஷியின் மகள் அனன்யா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, தென்றல் இங்கே வரவே இல்லை ஆண்ட்டி என்று இங்கிலீஷில் சொன்னாள்.

முதலில் கோபம்தான் வந்தது. பெற்றவளுக்கு முதலில் கோபம் வரும், பயம் அதன் பின்னாலேயே வரும். குளியலறைக் கட்டடத்துக்குப் போனாள், ஒவ்வொரு கதவுக்கும் கீழே குனிந்து கால் தெரிகிறதா என்று பார்த்தாள். ஊஞ்சல் பக்கம் போனாள். கூடாரம் கூடாரமாக ஜிப்பைத் திறந்து பார்த்தாள். காருக்குள் எல்லாம் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தாள். எட்டு வயதுப் பெண், மஞ்சள் டீஷர்ட், இரட்டைப் பின்னல். எங்கேயும் இல்லை. “தென்றல்” என்று கூப்பிட்ட குரல் ஐந்தாவது தடவை அவளுடைய குரலாகவே இல்லை.

இந்த வசந்தாமணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அப்போது அவளுக்கு இருந்தது வெறும் பயம் மட்டும்தான் என்று நினைத்துவிடுவீர்கள்.

கோபிச்செட்டிபாளையத்துக்காரி. கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படித்து, கருப்பசாமியைக் கட்டிக்கொண்டு நியூஜெர்சிக்கு வந்து, வேலைக்குப் போக விசாவில் அனுமதி இல்லாமல் ஆறு வருஷம் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்டில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவள். அனுமதி வந்த பிறகு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை கிடைத்தது. அடுத்தவர் செய்த வேலையில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் அந்த உத்தியோகம், அதில் அவள் கெட்டிக்காரி. தேறவில்லை என்று சிவப்பு அடித்தால் அவளிடம் அது சிவப்புதான், மேனேஜரே வந்து கெஞ்சினாலும் மஞ்சளாகாது. ஊர் வேலைகளில்தான் அந்தக் கறார் செல்லுபடியாகவில்லை. பொங்கல் விழாவுக்கு ஹால் பிடிப்பதும், புதிதாக வந்திறங்கிய குடும்பத்துக்கு டேகேர் தேடித் தருவதும், வெள்ளிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் நிலைக்குப் பாடம் எடுப்பதும் அவள் தலையில் விழுந்தன. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஒருத்தி கிடைத்துவிட்டால் மற்றவர்கள் கால்மேல் கால் போட்டு உட்காருவார்கள். இதற்குக் கோபி, நியூஜெர்சி என்ற பேதமெல்லாம் கிடையாது.

கோடை வந்தால் பதினொரு குடும்பங்கள் சேர்ந்து கேம்பிங் போவார்கள். இடம் பார்ப்பது வசந்தாமணியின் பொறுப்பு. அதற்கு ஒரு எக்செல் வைத்திருந்தாள். பதினேழு கேம்ப்கிரவுண்டுகள். வீட்டிலிருந்து எத்தனை மணி நேரம், கூடாரம் போடத் தரை சமமா, வெந்நீர் வருமா, கழிப்பறை சுத்தமா, கரடி வருமா, போன் சிக்னல் உண்டா என்று கட்டம் கட்டமாக எழுதி, பச்சை, மஞ்சள், சிவப்பு அடித்திருந்தாள். கடைசிக் கட்டம், ஆற்றுக்கு எவ்வளவு தூரம். அரை மைலுக்குக் குறைந்தால் சிவப்பு. வருஷா வருஷம் டெலவேர் ஆற்றுப் பள்ளத்தாக்கு முகாம்கள் எல்லாம் அந்த ஒரு கட்டத்தில்தான் அடிபட்டுப் போகும். குழந்தைகளை வைத்துக்கொண்டு எதற்கு வம்பு என்பாள். பவானி ஆற்றைப் பார்த்து வளர்ந்தவளுக்கு ஆற்றின் குணம் தெரியும்.

இந்த வருஷம் வந்தது வினை. சுந்தரராமனின் மனைவி சாரதாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது, தரையில் படுக்க முடியாது. ஆகவே அவர்கள் ஆர்.வி. என்கிற வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்து வருவதாகச் சொன்னார்கள். அதற்குக் கரண்ட் இணைப்பு வேண்டும். மீனாக்ஷிக்குச் சுத்தமான கழிப்பறை வேண்டும். மற்ற பத்துக் கூடாரமும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். அதோடு சாரதா குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டாள், இந்த வருஷம் ஆடிப் பதினெட்டு ஞாயிற்றுக்கிழமையே வருகிறது, ஆற்றங்கரையிலேயே கொண்டாடலாமே என்று. வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்தன. கோபியில் பதினெட்டு நோம்பி என்றால் எப்படி என்று தெரிந்தவள் வசந்தாமணி, அவளுக்கும் உள்ளுக்குள் ஆசை இருந்தது. எல்லாம் பொருந்தி வந்தது ஒரே ஒரு கேம்ப்கிரவுண்ட். அதன் கடைசிக் கட்டம் சிவப்பு. கூடாரத்திலிருந்து ஆறு இருநூறு அடி, இறங்கும் வழி செங்குத்து, மழைக்குப் பின் இழுப்பு அதிகம், குழந்தைகள் ஜாக்கிரதை என்று போய் வந்தவர்கள் எழுதியிருந்ததை அவளே படித்துச் சிவப்பு அடித்திருந்தாள்.

சுந்தரராமன் போன் பண்ணினார். நல்ல மனிதர், குரலை உயர்த்தக்கூட மாட்டார். “எல்லாத்தையும் நீ ரிஜெக்ட் பண்ணிண்டே இருந்தா எங்கதாம்மா போறது? நாங்க இத்தனை பேர் இருக்கோம், பாத்துக்க மாட்டோமா?” என்றார். போனை வைத்துவிட்டு வசந்தாமணி அந்தக் கட்டத்தை மஞ்சளாக்கினாள். ஆபீசில் பத்து வருஷமாகச் செய்யாத காரியம். நல்ல பெயர் வாங்குகிற ஆசை யாரைத்தான் விட்டது.

சனிக்கிழமை வந்து இறங்கினார்கள். வீட்டு வண்டிக்குக் கிடைத்த இடம் ஆறாம் நம்பர், குளியலறைக்கு அந்தப் பக்கம். கூடாரங்கள் இந்தப் பக்கம். அரை நாளில் அந்த வண்டிக்கே ஆறு என்று பேராகிவிட்டது. ஆறில் டீ இருக்கிறது, ஆறில் போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொள், பிள்ளைகள் எல்லாம் ஆறில் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆற்றைப் பார்க்க வந்துவிட்டு ஆறிலேயே குடியிருக்கிறோம் என்று சுந்தரராமன் ஜோக் அடித்தார், எல்லோரும் சிரித்தார்கள். வசந்தாமணியும் சிரித்தாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தென்றலுக்கு நான்கு வயதானபோது வசந்தாமணி ஒரு விளையாட்டு ஆரம்பித்தாள். இங்கிலீஷில் பேசினால் அம்மாவுக்குக் காது கேட்காது. தமிழில் கேட்டால்தான் பால், தமிழில் கேட்டால்தான் பார்க். குழந்தை முதலில் சிரித்தது, பிறகு அழுதது, பிறகு பழகிக்கொண்டது. பிளெய்ன்ஸ்பரோவில் பிறந்த பிள்ளைகளில் அம்மாவுக்குத் தமிழில் பதில் சொல்கிற பிள்ளை தென்றல் ஒருத்திதான் என்று மற்ற அம்மாக்கள் பொறாமைப்பட்டார்கள். வசந்தாமணிக்கு அதில் ஏகப் பெருமை.

ஞாயிறு காலை பத்தரை மணிக்கு அவள் புளிசாதத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று நாற்பத்திரண்டு பேருக்குச் சித்திரான்னம். கருப்பசாமி ஐஸ் வாங்கக் காரை எடுத்துக்கொண்டு போயிருந்தான். மேஜையில் பூ வைத்து ஆற்றில் விடக் குடும்பத்துக்கு ஒன்றாகப் பதினொரு காகிதத் தட்டுகள், எடிசன் ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகளில் தேடிப்பிடித்த காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, சாமந்திப் பூ. தென்றல் வந்து இடுப்பைச் சுரண்டி, “அம்மா, கேன் ஐ கோ டு த” என்று ஆரம்பித்தாள். வசந்தாமணி திரும்பாமலே, “அம்மாளுக்குக் காது கேக்கலையே” என்றாள். குழந்தை கொஞ்சம் நின்று யோசித்தது. அப்புறம் மெதுவாகக் கோத்துச் சொன்னது. “அம்மா, நான் ஆறுக்குப் போறேன்.”

கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. “போ கண்ணு” என்றாள் வசந்தாமணி.

இப்போது பதினொன்றேகால். தேடிக் களைத்து அவள் மேஜைக்குத் திரும்பியபோது மற்றவர்களும் கூடிவிட்டார்கள். மீனாக்ஷி அவள் தோளைப் பிடித்து, கடைசியாக அவள் உங்களிடம் என்ன சொல்லிவிட்டுப் போனாள், நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்று கேட்டாள்.

“ஆறுக்குப் போறேன்னாளுங்க. நானும் போன்னு சொன்னேன்.”

சொன்ன வாய் அப்படியே நின்றது. தன் காதாலேயே அதைக் கேட்டாள். ஆறாம் நம்பருக்கு என்றால் ஆறுக்கு. நதிக்கு என்றால் ஆற்றுக்கு, பேச்சில் ஆத்துக்கு. கோபியில் பிறந்த எந்தக் குழந்தையும் இதைக் கற்றுக்கொள்வதில்லை, தானாக வரும். தென்றல் கோபியில் பிறக்கவில்லை. வீடு வீட்டுக்கு, காடு காட்டுக்கு, ஆறு ஆற்றுக்கு என்று இரண்டாம் நிலை வகுப்பில் போர்டில் எழுதிப் போட்டதே வசந்தாமணிதான். இரண்டு வாரம் முன்பு தென்றலின் வீட்டுப் பாடத்தில், நாங்கள் ஆறுக்குப் போவோம் என்ற வரியைச் சிவப்புப் பேனாவால் சுழித்து, மூன்று தடவை எழுதிவா என்றதும் அவள்தான். அவளுடைய மகள் ஆற்றுக்கு என்பதை ஆறுக்கு என்றுதான் சொல்வாள். உலகத்தில் வேறு எவளுக்குத் தெரியாவிட்டாலும் இது அவளுக்குத் தெரியும்.

மேஜையைப் பார்த்தாள். காகிதத் தட்டுகளை எண்ணினாள். பத்து இருந்தது.

அந்தச் செங்குத்து வழியில் அவள் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. பாதி வழி உட்கார்ந்து சறுக்கியிருக்கிறாள், உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தன. கீழே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாள் முன்பு மேலே மலையில் பெய்த மழை, தண்ணீர் டீ நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. ஊரில் இப்படி ஓடினால் ஆடிப் பெருக்கு என்று கும்பிடுவார்கள். கரையில் ஒருவரும் இல்லை. முப்பது அடி தள்ளி, தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்த மரத்தின் கிளைகளுக்கு நடுவே ஏதோ வெள்ளையாக மாட்டியிருந்தது. காகிதத் தட்டு. அதில் ஒரு சாமந்திப் பூ ஒட்டிக்கொண்டிருந்தது.

வசந்தாமணி சேற்றில் மண்டியிட்டுவிட்டாள்.

முகாம் ஆபீசிலிருந்து ஒரு ரேஞ்சர் ரேடியோவோடு ஓடி வந்தார். படகில் ஆள் அனுப்பச் சொன்னார், என்ன உடை, என்ன உயரம், நீச்சல் தெரியுமா என்று கேட்டார். ஒய்.எம்.சி.ஏ. குளத்தில் இரண்டு மாதம் கற்றுக்கொண்டாள் என்று மீனாக்ஷி சொன்னாள். ரேஞ்சர் அதை எழுதிக்கொள்ளவில்லை. அதற்குள் கருப்பசாமி வந்துவிட்டான். ஐஸ் மூட்டையைக் கையில் வைத்தபடியே இறங்கி வந்தவன், தட்டைப் பார்த்தான், மூட்டையைப் போட்டான், ஷூவோடு தண்ணீரில் இறங்கினான். இடுப்பளவு, பிறகு மார்பளவு. ரேஞ்சர் கத்தினார், வெளியே வா, உன்னையும் சேர்த்துத் தேட முடியாது என்று. அவன் கேட்டதாகவே தெரியவில்லை. கிணற்றில் நீந்திப் பழகியவன், மரத்தைப் பிடித்துக்கொண்டு கிளை கிளையாகத் தண்ணீருக்கடியில் கையை விட்டுத் துழாவினான். ஒவ்வொரு தடவையும் கை வெளியே வரும்போது வசந்தாமணி கண்ணை மூடிக்கொண்டாள். கை வெறுங்கையாக வந்ததும் திறந்தாள்.

சுந்தரராமன் கரையில் நின்று அழுதுகொண்டிருந்தார். நான்தான் சொன்னேன், நான்தான் பாத்துக்கறோம்னு சொன்னேன் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னவர் அவர்தான், வாஸ்தவம். அந்த முக்கால் மணி நேரத்தில் ஆற்று வழியில் ஒருவர்கூட நிற்கவில்லை. இத்தனை பேர் என்றால் எப்போதும் இதுதான் கணக்கு, எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் வசந்தாமணிக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. ஒரு சிவப்புக் கட்டத்தை மஞ்சளாக்கியது யார் விரல் என்று அவளுக்குத் தெரியும். இங்கிலீஷில் கேட்டதைக் காதில் வாங்காதது யார் என்றும் தெரியும். கேன் ஐ கோ டு த ரிவர். இன்னும் ஒரு சொல் பொறுத்திருந்தால் போதும். ஒரு சொல்.

அவள் ஆற்றோடு பேச ஆரம்பித்தாள். வாய்விட்டுத்தான் பேசினாள், பக்கத்தில் நின்ற மீனாக்ஷிக்குக் கேட்டது. “ஆத்தா, எம்புள்ள உனக்குப் பூப் போடத்தான் வந்துச்சு. வேறொண்ணும் தெரியாதுங்க அதுக்கு. எது வேணும்னாலும் எடுத்துக்க, அதைக் குடுத்துரு.” பவானிக்குச் சொல்வதைப் போலத்தான் சொன்னாள். இந்த ஆற்றுக்குத் தமிழ் தெரியுமா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. மீனாக்ஷி பயந்துபோய் அவளை இறுக்கிக்கொண்டாள்.

பதினொன்று ஐம்பதுக்கு ரேஞ்சரின் ரேடியோ கரகரத்தது. ஒரு பெண் குரல், வேகமான இங்கிலீஷ், நடுவே நடுவே இரைச்சல். குழந்தை என்று கேட்டது. மஞ்சள் என்று கேட்டது. அப்புறம் வந்தது ஒன்றும் விளங்கவில்லை. பதினேழு வருஷம் இந்த நாட்டில் இருந்தவள், ஆபீசில் நாளெல்லாம் இங்கிலீஷில் சண்டை போடுகிறவள். இப்போது ஒரு வார்த்தைகூட அவள் காதில் ஏறவில்லை. உயிரோடா, இல்லையா என்கிற அந்த ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். அவள் ரேஞ்சரின் சட்டையைப் பிடித்தாள். அவர் குனிந்து, அவள் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். ஷி இஸ் ஓகே. ஷி இஸ் சிட்டிங் டவுன்.

ஒன்றேகால் மைல் கீழே, படகுகள் கரையேறுகிற துறை. ரேஞ்சரின் வண்டியில் அவளும் கருப்பசாமியும் போனார்கள். அவன் உடம்பிலிருந்து தண்ணீர் சீட்டெல்லாம் வழிந்தது. அவன் கை அவள் கிழிந்த உள்ளங்கையைப் பிடித்திருந்தது, வலித்தது, அவள் விடவில்லை.

படகு வாடகைக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிற ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி துறைப் பலகையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நான்கடி தள்ளி தென்றல் உட்கார்ந்திருந்தாள். முழங்கால்வரை சேறு, பின்னல் ஒன்று அவிழ்ந்திருந்தது. தெரியாதவர் வண்டியில் ஏறக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாளாம், எவ்வளவு கூப்பிட்டும் வேனில் ஏறவில்லை, அதனால் நானும் இவளோடு இங்கேயே உட்கார்ந்துவிட்டேன் என்றார் அந்தப் பெண்மணி. அம்மா சொன்னதை எல்லாம் கேட்கிற பிள்ளை. அதுதான் வசந்தாமணியைக் கொன்றது.

அள்ளி எடுத்தாள். தலை, கன்னம், காது, கைவிரல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். குழந்தை நடுங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் முகம் இப்படி இருந்து அது பார்த்ததில்லை, தான் ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டோம் என்று மட்டும் புரிந்திருக்க வேண்டும். அழுகைக்கு நடுவே அவசர அவசரமாகச் சொல்ல வந்தது. “ஐ ஆஸ்க்டு யூ, அம்மா. ஐ ஜஸ்ட் வான்டட் டு”

சட்டென்று நிறுத்திக்கொண்டது. உதட்டைக் கடித்தது. இங்கிலீஷில் சொன்னால் அம்மாவுக்குக் காது கேட்காது. விக்கல் வந்தது, அதை விழுங்கிவிட்டு, ஈரக் கண்ணை அம்மாவின் முகத்திலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தேடியது. “நான்... ஆறு... ஆற்று...” சரியா என்று கேட்பது போல அம்மாவின் வாயைப் பார்த்தது. சிவப்புப் பேனா எங்கே விழும் என்று தெரியாத குழந்தையின் முகம் அது.

கருப்பசாமி திரும்பி நின்றுகொண்டான். வசந்தாமணி மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். கையிலிருந்த ரத்தம் கன்னத்தில் பட்டது.

“இங்கிலீஷ்லயே சொல்லு, சாமி. உனக்கு எப்படி வருதோ அப்படியே சொல்லு. அம்மாளுக்குக் காது கேக்குது.”

தென்றல் நம்பாமல் பார்த்தாள். பிறகு சொன்னாள். தட்டைத் தண்ணீரில் விட்டது, அது மரத்தில் மாட்டிக்கொண்டது, பூக்கள் மட்டும் கழன்று மிதந்து போனது, அவை எங்கே போகின்றன என்று பார்க்கக் கரையோடு கூடவே நடந்தது, திரும்பிப் பார்த்தால் வழியைக் காணாதது, நாம் தொலைந்துவிட்டோம் என்று உட்கார்ந்தது, எல்லாவற்றையும் இங்கிலீஷிலேயே, மூச்சுவிடாமல் சொன்னாள். நடுவே எட்டு வயதுக்கு வருகிற தப்புகள் நிறைய வந்தன. வசந்தாமணி கடைசிவரை கேட்டாள், ஓரிடத்திலும் திருத்தவில்லை.